பாடம் நடத்தும்போதே செய்தியைச் சோதிக்கப் பழக்குவது எப்படி: ஆசிரியர்களுக்கான முழு வழிகாட்டி

அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். வாட்ஸ்அப்பில் வருவதை எப்படிச் சரிபார்ப்பது என்று முதல் இரண்டு வருஷம் தனியாக ஒரு பாடவேளை ஒதுக்கி நடத்தினேன். பிள்ளைகள் ரசித்தார்கள். மறுநாள் புவியியல் பீரியடில் அதே பிள்ளைகள் கூகுளில் முதலில் கண்ட வரியை அப்படியே அசைன்மெண்டில் எழுதி வந்தார்கள். தனி வகுப்பில் கற்றது அந்த வகுப்போடு நின்றுவிடுகிறது. அதனால் இப்போது நடத்துகிற பாடத்துக்குள்ளேயே பத்துப் பதினைந்து நிமிஷம் எடுத்துச் செய்கிறேன். என்னைப் பார்த்துத் தொடங்கிய புது ஆசிரியர்கள் எங்கெங்கே தடுக்கினார்கள் என்பதையும் சேர்த்து, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். வரிசையை மாற்றினால் பெரும்பாலும் சொதப்பும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு ஸ்மார்ட்போன், அதில் ஒரு நாளுக்கான டேட்டா, ஒரு நீள நோட்டு, சாக்பீஸ். இவ்வளவு போதும். ஸ்மார்ட் போர்டோ புரொஜக்டரோ இருந்தால் வசதிதான். ஆனால் அது வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதல் ஒரு மாதம் அதற்கு வேலையே இல்லை.

நீள நோட்டு எதற்கு என்றால், வகுப்பில் சோதித்த ஒவ்வொரு செய்தியும் அதில் ஏற வேண்டும். அதை 'சோதனை நோட்டு' என்று பிள்ளைகளே பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள். அது வகுப்பு லீடரிடம் இருக்கட்டும். ஆசிரியர் பையில் இருந்தால் வீட்டிலேயே மறந்துவிட்டு வருவோம்.

தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாடக்குறிப்பேட்டிலும் ஒரு வரி எழுதுங்கள். பிள்ளைகள் போன் கொண்டு வரக்கூடாத பள்ளியில் ஆசிரியர் கையில் போனைப் பிடித்து நிற்பதைப் பார்க்கிறவர் என்ன நினைப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

2. முதலில் பாடம், பிறகு செய்தி

புதிதாக வருகிறவர்கள் சுவாரசியமான ஃபார்வர்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை எந்தப் பாடத்தில் செருகலாம் என்று தேடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். அடுத்த வாரம் நடத்தப் போகிற பாடத்தைத் திறந்து, அதில் வரும் எந்த எண், எந்தப் படம், எந்தச் சொல் வெளியே வேறு மாதிரி உலவுகிறது என்று பாருங்கள். அப்போதுதான் சோதிக்கும் நேரமும் பாடம் நடத்திய நேரமாகும். போர்ஷன் முடியவில்லையே என்ற கவலை வராது.

நான் வழக்கமாக எடுப்பவை சில. மழைப்பொழிவு பாடத்தில், 2015 டிசம்பரில் சென்னைக்கு 250 செ.மீ. மழை வரப்போகிறது என்று நாசா பெயரில் சுற்றிய செய்தி. குடியிருப்பு, மக்கள்தொகைப் பாடத்தில், ஒவ்வொரு தீபாவளிக்கும் வரும் 'விண்வெளியிலிருந்து தீபாவளி இந்தியா' படம். தேசியச் சின்னங்கள் பாடத்தில், நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்துவிட்டது என்ற செய்தி. அறிவியல் ஆசிரியை ஒருவர் மாவுச்சத்துப் பாடத்தில், கடையில் விற்பது பிளாஸ்டிக் அரிசி என்று சுற்றும் வதந்தியை எடுக்கிறார்.

பாடப்புத்தகத்து கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் வருகிற வீடியோவையும் திறந்த இணையத்தையும் ஒரே நாளில் கலக்காதீர்கள். முதலாவது யாரோ பார்த்துச் சரிசெய்து வைத்தது, இரண்டாவது அப்படியல்ல. ஒரே திரையில் அடுத்தடுத்து வந்தால் பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

3. பொய்யை மட்டும் கொண்டுவராதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

முதல் வருஷம் நான் கொண்டுபோனது எல்லாம் பொய்ச் செய்திகள். நான்காவது வாரத்தில், நான் வாயைத் திறக்கும் முன்பே வகுப்பு முழுக்க "பொய் சார்!" என்று கத்தியது. சோதிக்கக் கற்றுக்கொண்டார்கள் என்று சந்தோஷப்பட்டேன். பிறகுதான் புரிந்தது. சார் எதைக் கொண்டுவந்தாலும் பொய்தான் என்பதை மட்டுமே கற்றிருக்கிறார்கள். எல்லாவற்றையும் நம்புகிறவனுக்கும் எதையுமே நம்பாதவனுக்கும் வேலை ஒன்றுதான்: இருவரும் தேடிப் பார்ப்பதில்லை.

இப்போது பாதிக்குப் பாதி கலக்கிறேன். பொய் போலத் தெரிகிற உண்மைகள் ஏராளம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடிப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ரயிலையே புயல் அலை கொண்டுபோனது. வெள்ளிக் கோள் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 நாள் ஆகிறது, சூரியனைச் சுற்ற 225 நாள்தான். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். இவற்றைக் கேட்டு "சும்மா சார்" என்று சிரிக்கிற பிள்ளை, தேடிப்பார்த்து வாயடைத்து நிற்கும் நாள் ஒன்று வர வேண்டும்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. பொய்யில்லை, பழசு. பழைய புத்தகத்தில் மக்கள்தொகையில் சீனா முதலிடம் என்று இருக்கும். ஐ.நா. மதிப்பீட்டின்படி 2023 ஏப்ரலில் இந்தியா சீனாவை முந்திவிட்டது. "புக்கு தப்பு சார்" என்பார்கள். அச்சிட்ட ஆண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டு மக்கள்தொகை 7.21 கோடி என்பது 2011 கணக்கெடுப்பு. இணையத்தில் அதைவிடக் கூடுதலாக இருந்தால், அது எண்ணிச் சொன்னதா, கணித்துச் சொன்னதா என்று கேட்கட்டும். 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதை இந்த இடத்தில் சொன்னால், இரண்டு எண் ஏன் சுற்றுகிறது என்பது தானாகப் புரியும்.

4. முந்தின நாள் மாலை ஒத்திகை

எதைத் தேடச் சொல்லப் போகிறீர்களோ அதை நீங்களே ஒருமுறை முழுதாகத் தேடிப் பாருங்கள். தேடும் பக்கத்தில் என்ன விளம்பரம் வருகிறது, பாதி தட்டியதும் என்ன சொல் பரிந்துரையாக எழுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பின் முன்னால் அது எழுந்தபின் ஒன்றும் செய்ய முடியாது.

தேவையான பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தனி ஃபோல்டரில் போடுங்கள். நெட் போனாலும் வகுப்பு நிற்காது. கரண்ட் போனால் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாகக் காட்டலாம்.

போனைப் புரொஜக்டரில் இணைப்பதானால் அறிவிப்புகளை எல்லாம் நிறுத்திவிடுங்கள். வகுப்பு மும்முரமாக இருந்த நேரத்தில் "வரும்போது உளுந்து ஒரு கிலோ, போன தடவை மாதிரி மறந்துடாதீங்க" என்று என் வீட்டுச் செய்தி எட்டடி அகலத்தில் விழுந்தது. அந்த வருஷம் முழுக்க எனக்கு 'உளுந்து சார்' என்று பெயர்.

5. திரைக்கு முன் காகிதம்

செய்தியைப் படித்துக் காட்டியதும் போனை எடுக்காதீர்கள். ஒவ்வொருவரும் நோட்டில் ஒரு வரி எழுதட்டும்: உண்மை, பொய், சொல்ல முடியவில்லை, இந்த மூன்றில் ஒன்று. பக்கத்தில் ஏன் என்று ஒரே வாக்கியம். மூன்று நிமிஷம் போதும்.

திரை திறந்துவிட்டால் யோசனை நின்றுவிடும். எல்லாக் கண்ணும் அங்கே போய்விடும். விடை வந்தபின் எல்லோருமே "நான் முதல்லயே நினைச்சேன் சார்" என்பார்கள். காகிதத்தில் எழுதியிருந்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. தன் ஊகம் எங்கே சறுக்கியது என்று பிள்ளை பார்க்க முடிவதும் அதனால்தான்.

'சொல்ல முடியவில்லை' என்பதை நல்ல விடையாக நடத்துங்கள். முதலில் யாருமே அதை எழுத மாட்டார்கள். தெரியாது என்றால் அடி விழும் என்று பழகிய பிள்ளைகள். அதை எழுதிய ஒருவரைப் பாராட்டிப் பாருங்கள், அடுத்த வாரம் பத்துப் பேர் எழுதுவார்கள்.

போர்டில் எழுதுவதிலும் கவனம் வேண்டும். ஒருமுறை ஃபார்வர்டை அப்படியே போர்டில் எழுதி, இனி இதைச் சோதிப்போம் என்று திரும்புவதற்குள் மணி அடித்துவிட்டது. அழிக்க மறந்து போனேன். அடுத்த பீரியடுக்கு வந்து உட்கார்ந்த வேறு வகுப்புப் பிள்ளைகள் அதைப் பாடக்குறிப்பு என்று நினைத்து நோட்டில் இறக்கிக்கொண்டார்கள். "சாரே எழுதிப் போட்டது" என்ற முத்திரையோடு அது ஊருக்குள் போனது. அதிலிருந்து செய்தியை வாயால் மட்டும் சொல்கிறேன். போர்டில் ஏறுவது சோதித்த பிறகு கிடைத்த முடிவு மட்டும்.

6. ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு உத்தி

செய்தியைச் சோதிக்க எட்டுக் கேள்வி, பத்துக் கேள்வி என்று சார்ட் ஒட்டி வைத்திருக்கும் வகுப்புகளைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் அதை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள், பயன்படுத்த மாட்டார்கள். மூன்று உத்திகள் போதும். மாதத்துக்கு ஒன்று.

*எண்ணைத் தட்டிப் பார்.* இதில் தொடங்குவதற்குக் காரணம், இதற்கு இணையமே வேண்டாம். 250 செ.மீ. மழைச் செய்தியை நடத்திய விதத்தை அப்படியே சொல்கிறேன்.

மழையைத் தேங்கும் நீரின் ஆழத்தை வைத்து அளக்கிறோம் என்பது பாடத்திலேயே இருக்கிறது. வகுப்பறைக் கதவு நிலை ஏறக்குறைய ஏழடி, அதாவது 213 செ.மீ. ஒரு பையனை ஸ்கேலும் சாக்பீஸுமாக நிலையருகே நிறுத்தினேன். சென்னையின் ஒரு வருஷத்து சராசரி மழை சுமார் 140 செ.மீ. அங்கே ஒரு கோடு. வரலாறு காணாத மழை என்று பேசப்பட்ட 2015 நவம்பர் மாதம் முழுக்கப் பெய்தது சுமார் 105 செ.மீ. அங்கே ஒன்று. ஊரையே மூழ்கடித்த டிசம்பர் முதல் தேதி மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. அவன் இடுப்புக்கும் கீழே ஒரு கோடு.

"இப்ப 250 போடு" என்றேன். நிலையைத் தாண்டிச் சுவருக்குப் போக வேண்டியிருந்தது. பெஞ்சைக் கொண்டுவந்து ஏறிக் கோடு போட்டான்.

யாரும் எதுவும் சொல்லவில்லை. பிறகு ஒரு பெண் எழுந்தாள். "ஆனா மௌசின்ராம்ல வருஷத்துக்கு 1,100 செ.மீ.க்கு மேல பெய்யுதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க. அங்க 250 பெய்யலாம்ல?"

அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும். பெய்யலாம், அங்கே மழைக்காலத்தில் ஒரு மாதத்திலேயே பெய்யலாம். மலை மேகத்தைத் தடுக்கிற இடமும் கடலோரச் சமவெளியும் ஒன்றா என்று மலைத்தடுப்பு மழைக்குப் போனோம். நான் அடுத்த வாரம் நடத்த வேண்டிய பாடம் அது. உலகிலேயே ஒரே நாளில் அதிகம் பெய்தது 182.5 செ.மீ., 1966இல் ரீயூனியன் தீவில். அதுவும் மலைத் தீவு. ஆக, எண் பெரியதாக இருப்பதாலேயே பொய் ஆகிவிடாது. எந்த இடத்துக்கு, எத்தனை நாளுக்கு என்று கேட்க வேண்டும்.

*வெளியே போய்க் கேள்.* ஒரு பக்கம் நம்பத் தகுந்ததா என்று அந்தப் பக்கத்துக்குள்ளேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அதை மூடிவிட்டு, அந்தப் பக்கத்தைப் பற்றி, அந்தச் செய்தியைப் பற்றி வேறு யார் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், செய்தி சரிபார்ப்பையே தொழிலாகக் கொண்டவர்களையும் வரலாற்றுப் பேராசிரியர்களையும் மாணவர்களையும் உட்காரவைத்து ஒப்பிட்டபோது கண்ட பெரிய வித்தியாசம் இதுதான். சரிபார்ப்பவர்கள் பக்கத்தை விட்டுச் சீக்கிரம் வெளியேறினார்கள். மற்றவர்கள் உள்ளேயே வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல எளிய வழி இருக்கிறது. பொண்ணு பார்க்கப் போகும்போது அந்த வீட்டிலேயே உட்கார்ந்து "நீங்க நல்ல குடும்பமா?" என்று கேட்பார்களா, தெருமுனைக் கடையில் விசாரிப்பார்களா? வகுப்பு சிரித்துவிடும், மறக்காது.

*படத்தின் பிறப்பிடத்தைத் தேடு.* தீபாவளிப் படம் இதற்குப் பொருத்தம். கூகுள் லென்ஸில் படத்தைக் கொடுத்தால் அது முன்பு எங்கெல்லாம் வந்தது என்று காட்டும். அந்தப் படம் ஒரே இரவில் எடுத்தது அல்ல. பல ஆண்டுகளின் செயற்கைக்கோள் தரவை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவைச் சேர்ந்த அறிவியலாளர் ஒருவர் 2003இல் உருவாக்கியது. வெள்ளை 1992க்கு முன்பே இருந்த வெளிச்சம். நீலம், பச்சை, சிவப்பு ஆகியவை முறையே 1992, 1998, 2003இல் புதிதாகத் தெரிந்தவை. அதாவது அந்தப் படம் நம் ஊர்கள் எப்படிப் பெருகின என்பதன் வரைபடம். நகரமயமாதல் பாடத்துக்கு அதைவிட நல்ல படம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. 2012 தீபாவளியை ஒட்டி நாசா எடுத்த உண்மையான இரவுப் படத்தையும் பக்கத்தில் வையுங்கள். சாதாரண இரவு போலத்தான் இருக்கும். தீபாவளிக்குக் கூடுகிற வெளிச்சம் விண்வெளியிலிருந்து பார்த்தால் கண்ணுக்குப் புலப்படாத அளவு சின்னது என்று நாசாவே அப்போது எழுதியது.

பொய்ச் செய்தியோடு வந்தாலும் படம் பொய் அல்ல என்பதை இங்கே பிள்ளைகள் பார்க்கிறார்கள். படத்துக்குக் கீழே எழுதியதுதான் பொய். பெரும்பாலான ஃபார்வர்டு படங்கள் இந்த ரகம்.

7. இப்போது கருவி பிள்ளைகள் கைக்கு

இரண்டு மாதம் ஆசிரியர் செய்வதைப் பார்த்தபின் ஹைடெக் லேபுக்குக் கூட்டிப் போங்கள். முதல் வாரமே போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தேடச் சொன்னதைத் தவிர மற்ற எல்லாம் திறந்திருக்கும்.

ஒரு கணினிக்கு இருவர். ஒருவர் விரல், மற்றவர் பேனா. விரல் தட்டும், பேனா என்ன தேடினோம், என்ன வந்தது என்று எழுதும். எட்டு நிமிஷத்தில் விசில் அடித்து மாற்றுங்கள். மாற்றாவிட்டால் வீட்டில் கணினி இருக்கிற பிள்ளையே கடைசிவரை விரலாக இருப்பான். பெண்பிள்ளைகள் பேனாவாகவே தங்கிவிடுவதை நான் கவனிக்க ஒரு பருவம் ஆனது.

நேரத்தை விழுங்குவது தட்டச்சு. 'மழைப்பொழிவு' என்று தமிழில் தட்ட ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்ட ஜோடி உண்டு. தேடுசொற்களைப் போர்டில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் போடுங்கள். உங்கள் போனில் குரலால் தேடுவதையும் காட்டலாம். தட்டச்சு வேகத்தைச் சோதிக்கவா வந்தோம்?

தேடுசொல் எப்படி இருக்க வேண்டும் என்பது தனிப் பாடம். 'பிளாஸ்டிக் அரிசியைக் கண்டுபிடிப்பது எப்படி' என்று தேடினால், அப்படி ஒன்று இருக்கிறது என்று முன்பே ஒத்துக்கொண்டு தேடுகிறோம். சோற்றை உருட்டிப் போட்டு, பந்து மாதிரி எம்புகிறது, அதனால் பிளாஸ்டிக் என்று காட்டுகிற வீடியோக்களே வரிசையாக வரும். நான் சொன்ன அறிவியல் ஆசிரியை இதைக் கேள்வியாகத் திருப்பினார்: 'சோற்று உருண்டை ஏன் எம்புகிறது'. பிறகு சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு கிண்ணம் சோறு வாங்கிவந்து பிள்ளைகளையே உருட்டச் சொன்னார். எல்லார் உருண்டையும் எம்பியது. வெந்த மாவுச்சத்து ஒட்டும், நெகிழும், உள்ளே காற்றும் இருக்கும், அதனால் எம்புகிறது. பிளாஸ்டிக் என்பதற்குச் சாட்சியாக வீடியோக்கள் காட்டியது எந்த அரிசிக்கும் உள்ள குணம்.

தேடல் முடிவு வந்ததும் உடனே சொடுக்க விடாதீர்கள். அரை நிமிஷம் கை மேஜைமேல். எது விளம்பரம், எந்தத் தேதி, எந்த முகவரி என்று மூன்றை மட்டும் கண்ணால் பார்த்துவிட்டுப் பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். அரசுத் தளங்களின் முகவரி பெரும்பாலும் 'கவ் டாட் இன்' (gov.in) என்று முடியும். முடியும் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். நடுவில் அந்த எழுத்துகளை வைத்து வேறு மாதிரி முடிகிற ஏமாற்று முகவரிகளும் வருகின்றன.

தமிழ் விக்கிப்பீடியாவைத் தடை செய்ய வேண்டாம். கட்டுரையின் அடியில் உள்ள மேற்கோள்களுக்கு நேராகப் போகச் சொல்லுங்கள். மேற்கோள் இல்லாத வாக்கியத்தை எடுக்கக் கூடாது என்று விதி. 'வரலாறு' பொத்தானை அழுத்தினால் யார், எப்போது மாற்றினார்கள் என்று தெரியும். ஒரு கட்டுரை இப்படித்தான் உருவாகிறது என்று பார்த்த பிள்ளை அதைக் கல்வெட்டாக நினைக்காது.

8. ஏஐ செயலியைக் கடைசியில் கொண்டுவாருங்கள்

பிள்ளைகள் அண்ணன், அக்கா போனில் ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள். ஒதுக்க முடியாது. ஆனால் மேலே உள்ள மூன்று உத்தியும் பழகிய பிறகுதான் தொட வேண்டும். காரணம், அது எங்கிருந்து எடுத்தது என்று காட்டாமலேயே மிக நன்றாகப் பேசும். வெளியே போய்க் கேட்கத் தெரியாத பிள்ளைக்கு அங்கே பிடிமானமே இல்லை.

பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். நாங்கள் எங்கள் ஊர் ஏரியைப் பற்றிக் கேட்டோம். ஒரு மன்னர் வெட்டினார் என்று பெயரும் நூற்றாண்டும் சொல்லி அழகாக ஒரு பத்தி வந்தது. கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டோம். வேறு மன்னர், வேறு நூற்றாண்டு, அதே நம்பிக்கையான குரல். "சார், நம்ம ஏரிக்கு ரெண்டு அப்பாவா?" என்றான் கடைசி பெஞ்ச். அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு அதே செயலியிடம் ஒளிச்சேர்க்கையை ஆறாம் வகுப்புக்குப் புரிகிற மாதிரி விளக்கச் சொன்னோம். நன்றாகவே சொன்னது. புத்தகத்தோடு ஒப்பிட்டு ஒவ்வொரு வரியாக டிக் போட்டோம். எங்கே உதவும், எங்கே கவிழ்க்கும் என்று இரண்டையும் ஒரே நாளில் காட்டுவது முக்கியம். தவறை மட்டும் காட்டினால் மூன்றாம் பகுதியில் சொன்ன "பொய் சார்!" வியாதி இங்கேயும் வந்துவிடும்.

9. நோட்டில் என்ன எழுத வேண்டும், மதிப்பெண் எதற்கு

சோதனை நோட்டில் ஐந்து கட்டம்: செய்தி என்ன, முதலில் என்ன நினைத்தோம், எங்கே தேடினோம், என்ன கிடைத்தது, இப்போது என்ன நினைக்கிறோம். நான்காவது கட்டத்தில் குறைந்தது இரண்டு இடத்தில் கிடைத்தது இருக்க வேண்டும். ஒரே செய்தியை ஒருவரைப் பார்த்து ஒருவர் போட்ட இரண்டு தளங்கள் இரண்டாகாது. வாக்கியம் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருந்தால் ஒன்றாகவே எண்ணுங்கள்.

வளரறி மதிப்பீட்டில் (பருவத் தேர்வு அல்லாமல் வகுப்பு வேலைக்குப் போடும் மதிப்பெண்) இதற்கு மதிப்பெண் கொடுப்பதானால் மூன்றாம், நான்காம் கட்டங்களுக்கு மட்டும் கொடுங்கள். முடிவுக்கு மதிப்பெண் கொடுத்தால் எல்லோரும் முதல் பெஞ்சைப் பார்த்து எழுதுவார்கள். தேடிய வழிக்குக் கொடுத்தால் பார்த்து எழுத ஒன்றுமில்லை. தப்பான முடிவுக்கு வந்து, ஒழுங்காகத் தேடியிருந்த ஒரு பையனுக்கு முழு மதிப்பெண் போட்டேன். வகுப்பு ஒரு நாள் முழுக்க என்னிடம் சண்டை போட்டது. போடட்டும்.

10. எதைத் தொடக் கூடாது, எப்போது தொடலாம்

சாதி, மதம், கட்சி, உள்ளூர் ஆள் யாரையும் பற்றிய செய்தி, இவை முதல் பருவத்தில் வேண்டாம். பயந்து சொல்லவில்லை. சோதிக்கும் பழக்கம் கையில் படியும் முன் இவற்றைக் கொண்டுவந்தால் பிள்ளைகள் செய்தியைப் பார்க்க மாட்டார்கள், எந்தப் பக்கம் நிற்பது என்று பார்ப்பார்கள்.

பிள்ளைகளிடம் ஃபார்வர்டு சேகரிக்கும்போது காகிதத்தில் எழுதி ஒரு டப்பாவில் போடச் சொல்லுங்கள். யார் அனுப்பியது என்று எழுதக் கூடாது. அப்பா அனுப்பியதை வகுப்பே சிரித்தால் அந்தப் பிள்ளை அடுத்து வாய் திறக்காது.

நமக்குப் பிடித்த பொய்யை மூன்றாம் மாதத்துக்குமேல் எடுங்கள். தேசிய கீதம் செய்தி இந்த ரகம். யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கவில்லை என்று தெரிந்ததும் வகுப்பின் முகம் வாடிவிடுகிறது. "நல்ல விஷயம்தானே சார், பொய்யா இருந்தா என்ன?" என்று கேட்டவன் உண்டு. அவனுக்கு உடனே பதில் சொல்லாதீர்கள். அதை அடுத்த வகுப்புக்கான கேள்வியாக எழுதிப் போட்டுவிட்டு வாருங்கள். நான் ஆத்திரத்தில் அங்கேயே ஒரு பிரசங்கம் செய்து கெடுத்தேன்.

11. வீட்டுக்குப் போகும் முன்

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், பெரியப்பா குடும்பக் குரூப்பில் போட்ட மருத்துவக் குறிப்புக்கு அடியில் "இது பொய், எங்க சார் சொல்லிட்டார்" என்று போட்டுவிட்டான். மறுநாள் காலை பிரேயர் முடியும் முன் பெரியப்பா பள்ளி வாசலில் நின்றார். சார் அப்படி எதுவும் சொல்லவில்லை என்பதுதான் உண்மை. அந்தக் குறிப்பை நான் பார்த்ததே இல்லை.

அதனால் வீட்டில் பேசுவதற்கு வாக்கியங்களையே பயிற்சி கொடுக்கிறேன். "தப்பு" என்ற சொல் கூடாது. "பெரியப்பா, இது எப்ப வந்ததுன்னு போட்டிருக்கா?" "தாத்தா, இதை நாம சேர்ந்து தேடிப் பார்க்கலாமா?" இரட்டை அம்புக்குறி போட்டு 'பலமுறை பகிரப்பட்டது' என்று வாட்ஸ்அப்பே காட்டும் செய்தியாக இருந்தால், "இந்த ரெண்டு அம்புக்கு என்ன அர்த்தம் தெரியுமா பாட்டி?" என்று தொடங்கலாம். பெரியவர்கள் பாடம் கேட்க மாட்டார்கள், கேள்வி கேட்டால் பதில் சொல்வார்கள். இருவர் இருவராக நின்று ஒருவர் பெரியப்பாவாகவும் ஒருவர் பிள்ளையாகவும் நடிக்க ஐந்து நிமிஷம் கொடுங்கள். பெரியப்பா வேஷத்துக்குத்தான் போட்டி இருக்கும்.

பெற்றோர் கூட்டத்தில் சோதனை நோட்டை மேஜைமேல் திறந்து வையுங்கள். நான் வைத்தபோது அந்தப் பெரியப்பாவும் வந்திருந்தார். நின்றபடியே நாலைந்து பக்கம் புரட்டினார். தனுஷ்கோடி ரயில் பக்கத்தில் நிறுத்தி, "இது நெசந்தான் சார், எங்க அப்பாரு சொல்லியிருக்காரு" என்றார். நான்காம் கட்டத்தில் மூன்றாவது இடமாக அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன் லீடரிடம்.